கோட்டுக்குள் ஒரு பானை

சனிக்கிழமை வாங்கிய ரொட்டி
வியாழக்கிழமை கல்லாகிவிட்டது.
நல்லது.
புது ரொட்டி இதற்கு ஆகாது,
வெந்நீர் பட்டதும் கூழாகிப் போகும்.
கல்லானதுதான்
வயிறு முட்டக் குடித்தும் குலையாமல் நிற்கும்.

பெஜாவில் இதற்கு அசோர்டா என்று பேர்.
சதுக்கத்து ஓட்டலில் ஒரு கிண்ணம் பன்னிரண்டு யூரோ,
மேலே ஒரு இலை செருகி.
அந்த ஓட்டல்காரன் என் கடையில்தான்
டயருக்குக் காற்றடிப்பான்.
இலவசமாக.

சம்பளம் முப்பதாம் தேதி.
இன்று இருபத்தாறு.
முட்டை நான்கு, ஆள் ஐந்து.

செவ்வாயன்று உருளைக்கிழங்கோடு வெந்தது
காட் மீன் கருவாட்டின் வால்.
வாலைத் தின்றோம், தண்ணீரைக் கொட்டவில்லை.
எங்கள் வீட்டில் தண்ணீருக்கெல்லாம் பெயர் உண்டு,
கருவாட்டுத் தண்ணீர்
கொண்டைக்கடலைத் தண்ணீர்
பால்தசார் ஒருமுறை தெரியாமல் குடித்துவிட்டு
இரவெல்லாம் திட்டிய முட்டைக்கோசுத் தண்ணீர்.
எல்லாம் பழைய ஜாம் பாட்டில்களில்
தேதி எழுதி நிற்கும்.
கிராசா எழுதுவாள்,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
மூட்டைகளுக்கு எழுதுகிற அதே பேனாவால்.

பூண்டு ஆறு பல்.
கல்லுப்பு.
கொத்தமல்லி, இலையைவிடத் தண்டு,
தண்டைவிட வேர்.
மண் போக மூன்று தரம் கழுவி
உரலில் இட்டு இடித்தேன்.
பச்சையாய் ஒரு விழுது,
அதன் தலையில் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய்.
கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான்.
மேல்மாடி பெலிஸ்மீனா அம்மாளுக்கு
ஏற்கெனவே மூன்று கிண்ணம் பாக்கி.

தண்ணீர் கொதித்தது.
முட்டைகளை ஒவ்வொன்றாய் உடைத்து இறக்கினேன்,
நாலு வெள்ளை மேகம்.
ஐந்தாவது தட்டுக்கு என்ன சொல்வது என்று
யோசித்துக்கொண்டே இருக்கும்போது
நீலமாய் இருந்த தீ
மஞ்சளாகி
ஒரு தரம் இருமிவிட்டு
இல்லாமல் போனது.

சிலிண்டரைக் குலுக்கினேன்.
அதட்டினேன்.
தெல்மு, நாலு வயசு,
தானும் வந்து அதட்டினான்.

சூடு இருக்கிறது, தீ இல்லை.
இருக்கிற சூட்டைத் தப்பவிடாமல் பிடிக்க வேண்டும்.
மூடியை அழுத்தினேன், துண்டைச் சுற்றினேன்,
சனவரிக் குளிருக்கு அது போதாது.
கதவுக்குப் பின்னால் கிராசாவின் நல்ல கோட்டு,
ஞானஸ்நானங்களுக்கும் வங்கிக்கும் மட்டும் போவது.
யோசிக்கவில்லை.
பானையை உள்ளே விட்டுப் பொத்தான் போட்டேன்.
கை இரண்டையும் முன்னால் முடிச்சிட்டேன்.
மேசை நடுவில்
தலையில்லாத ஒரு விருந்தாளி.

மூன்று பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து
அதையே பார்த்தார்கள்.
"அதுக்கு மூச்சு முட்டாதா?" என்றான் தெல்மு.
பால்தசார் கழுத்துப்பட்டியில் காதை வைத்து
உள்ளே ஏதோ பேசுகிறது என்றான்.
பத்து நிமிடம் என்றேன்.
ஏழில் திறந்துவிட்டார்கள்.

வெள்ளை பாதி வெந்திருந்தது,
மஞ்சள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
நான் கரண்டியைத் தேடுவதற்குள்
இல்டா முள்கரண்டியை விட்டு
ஒரே கலக்கு.
நாலும் நூலாய்ப் பிரிந்து
தண்ணீர் முழுக்க ஓடின.
"என்ன செய்தாய்?"
"வேகட்டும் என்றுதான்."
பதினொரு வயது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

எண்ண முடிகிற சமையல் ஒன்று,
எண்ண முடியாத சமையல் ஒன்று.
எனக்கு இத்தனை நாள்
முதலாவதுதான் தெரிந்திருந்தது.

ஒன்பதரைக்கு வந்தாள் கிராசா,
கைகளில் வெளுப்பான் வாசனை.
அவளுக்கென்று மூடிவைத்த ரொட்டித் துண்டுகள்
சாற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு ஆறியிருந்தன.
தின்றாள். தட்டைத் துடைத்தும் தின்றாள்.
"முட்டை எத்தனை போட்டாய்?"
"இல்டாவைக் கேள்."
"ஓடிப்போச்சு, எண்ணலை" என்றது
இருட்டு அறையிலிருந்து ஒரு குரல்.

பிறகுதான் கோட்டைப் பார்த்தாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு
தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி
வங்கியில் உட்கார வேண்டும் அவள்.
பால்கனிக் கொடியில் தொங்கவிட்டோம்.
காற்று இல்லை.
பூண்டு போகவில்லை,
கொத்தமல்லியும்தான்.

முகர்ந்து பார்த்தாள்,
இன்னொரு தரம் முகர்ந்தாள்.
"அந்த ஆளுக்கும் பசிக்கட்டும்" என்றாள்.